கமெண்டுக்குள் தடுமாறும் எடிட்டர்

ஜாவாஸ்கிரிப்ட் கோப்பு ஒன்றில் வட்டி கணக்கிடும் ஃபங்ஷன் இருக்கிறது. அதற்கு மேல் வரியில் கர்சரை வைத்து ஒரு சாய்கோடும் இரண்டு நட்சத்திரக் குறிகளும் அடித்து என்டர் தட்டினால், நல்ல எடிட்டர் டாக் கமெண்டின் சட்டகத்தை அங்கேயே விரித்துவிடும். ஃபங்ஷனுக்கு மூன்று பாராமீட்டர் என்றால் மூன்று '@பாராம்' வரிகள், ஒரு '@ரிட்டர்ன்ஸ்' வரி. இதுவரை சிக்கல் இல்லை. அசல் தவணை பூஜ்யமாக வந்தால் ஃபங்ஷன் பிழை எறியும் என்பதையும் எழுதிவைக்கலாம் என்று அடுத்த வரியில் '@' போட்டு ஓரிரு எழுத்து அடிக்கிறோம். பட்டியல் விழுகிறது, '@த்ரோஸ்' என்பதைத் தேர்கிறோம். கோப்பில் வந்து உட்காருவது '@@த்ரோஸ்'. வேறோர் எடிட்டரில் பட்டியலே விழாது. மூன்றாவது ஒன்றில் பட்டியல் விழும். ஆனால் அதில் டேக்குகள் இருக்காது, கோப்பின் வேறு பக்கங்களில் உள்ள சொற்கள் இருக்கும்.

நிரலர்கள் இதைச் சின்னத் தொல்லை என்று ஒதுக்கிவிட்டு, மிகுதியான '@' குறியை அழித்துவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். ஆனால் இதே தொல்லை ஜாவாவிலும் பி.எச்.பி.யிலும் சி++ மொழியிலும் வெவ்வேறு முகத்தோடு இருபது ஆண்டுகளுக்கு மேலாகத் தொடர்கிறது. ஓர் எடிட்டரின் பிழை என்றால் எப்போதோ தீர்ந்திருக்க வேண்டும். காரணம் அடியில் இருக்கிறது: டாக் கமெண்ட் என்பது நிரலா, உரைநடையா என்று மொழிகளில் பல முடிவுசெய்யவே இல்லை. இரண்டு வீட்டு எல்லையில் நிற்கும் மாமரம் போல அது; காய் பறிக்க இரு வீட்டாரும் வருவார்கள், தண்ணீர் ஊற்றும் பொறுப்பு யாருக்கும் இல்லை. எந்த மொழி தன் டாக் கமெண்டைத் தன்னுடையது என்று ஏற்றுக்கொண்டதோ அங்கே ஆட்டோகம்ப்ளீட் ஒழுங்காக வேலை செய்கிறது. மற்ற இடங்களில் எடிட்டர் எழுதுபவர்கள் ஊகத்தை வைத்தே ஒப்பேற்றுகிறார்கள்.

இரண்டு வரலாறுகள் மோதிய இடம்

1996 ஜனவரியில் ஜாவாவின் 1.0 பதிப்பு வந்தபோது ஜாவாடாக் கருவியும் கூடவே வந்தது. மூல நிரலைப் படித்து, '/**' என்று தொடங்கும் கமெண்டுகளைப் பொறுக்கியெடுத்து, எச்.டி.எம்.எல். பக்கங்களாக அச்சிடுவது அதன் வேலை. '@பாராம்', '@ரிட்டர்ன்', '@சீ' போன்ற டேக்குகள் அந்தக் கருவி படிப்பதற்காக வகுக்கப்பட்டவை. எழுதும் நேரத்தில் எடிட்டர் உதவ வேண்டும் என்ற எண்ணத்துக்கே அந்த வடிவமைப்பில் இடம் இல்லை. நிரல் எழுதி முடிந்த பிறகு, தனியாக ஓடும் கருவி அது. 1997-ல் டிமிட்ரி வான் ஹீஷ் வெளியிட்ட டாக்சிஜன், சி++ உலகுக்கு அதே ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. '@' குறியோடும் எழுதலாம், பின்சாய்கோட்டோடும் எழுதலாம் என்று இரண்டு வழியையும் அது திறந்துவிட்டது. எழுதுபவருக்கு அது வசதி. பட்டியல் காட்ட வேண்டிய எடிட்டருக்கோ அன்றே வேலை இரட்டிப்பானது.

ஆட்டோகம்ப்ளீட்டின் வரலாறு வேறு பாதையில் வந்தது. மைக்ரோசாஃப்டின் இன்டெலிசென்ஸ் 90-களின் பின்பாதியில் விசுவல் பேசிக் வழியாகப் பரவியது. ஒரு பொருளின் பெயருக்குப் பின் புள்ளி வைத்தால் அதன் உறுப்புகளைக் காட்டுவது அதன் மையம். 2001-ல் இன்டெல்லிஜேயும் எக்லிப்ஸும் வந்தன. 2006-ல் விம் தன் 7-ஆம் பதிப்பில் ஆம்னி கம்ப்ளீஷனைச் சேர்த்தது. இவை எல்லாமே நிரலின் இலக்கணத்தைப் பார்த்துப் பேசப் பழகியவை. கமெண்டுக்குள் நுழைந்ததும் அந்த இலக்கணம் காணாமல் போகிறது.

காணாமல் போவதற்குக் காரணம் கம்பைலரின் முதல் படியிலேயே இருக்கிறது. நிரலைச் சொற்களாகப் பிரிக்கும் லெக்ஸர், கமெண்டை வெற்றிடத்தோடு சேர்த்துத் தூக்கிப் போட்டுவிடும். கம்பைலருக்கு அது வேண்டாத சுமை. டைப்ஸ்கிரிப்ட் 2023 நவம்பரில் வெளியிட்ட 5.3 பதிப்பில், கட்டளை வரியில் கம்பைலர் ஓடும்போது டைப்ஸ்கிரிப்ட் கோப்புகளில் உள்ள ஜே.எஸ்.டாக் (ஜாவாஸ்கிரிப்டின் டாக் கமெண்ட் வடிவம்) கமெண்டுகளில் பெரும்பாலானவற்றைப் படிக்காமல் தாண்டிப்போகும் மாற்றத்தைக் கொண்டுவந்தது. நேரமும் நினைவகமும் மிச்சமாயின. எடிட்டருக்குப் பின்னால் ஓடும்போது மட்டும் அதே கமெண்டுகளைப் படிக்கிறது. ஒரே கருவி, ஒரே கமெண்ட், கேட்பவரைப் பொறுத்து இரண்டு நடத்தை. டாக் கமெண்டின் நிலையை இதைவிடத் தெளிவாகச் சொல்லும் எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது.

எடிட்டர்களுக்கும் கமெண்ட் ஓர் அமைதி மண்டலம். வி.எஸ். கோட் எடிட்டரில் தட்டத் தட்டத் தானாகப் பரிந்துரை காட்டும் அமைப்பு நிரலில் இயல்பாகவே இயங்கும். கமெண்டுக்குள்ளும் மேற்கோளுக்குள்ளும் இயல்பாகவே அணைந்திருக்கும். உரைநடை எழுதிக்கொண்டிருப்பவரின் முன் ஒவ்வொரு சொல்லுக்கும் பட்டியல் விரிந்தால் எழுத முடியாது என்பதால் இது சரியான முடிவுதான். ஆனால் டேக் எழுதுபவரும் அதே மண்டலத்துக்குள்தான் இருக்கிறார். அவருக்காகவே '@' போன்ற சில குறிகளைத் தூண்டுகோலாக வைத்திருக்கிறார்கள். குறியை அடித்ததும் பட்டியல் வரும். எக்லிப்ஸில் இதை வெளிப்படையாகவே காணலாம்: ஜாவா நிரலுக்குத் தூண்டுகோல் புள்ளி, ஜாவாடாக்குக்கு '@' குறியும் '#' குறியும். '@' டேக்குக்கு, '#' ஒரு கிளாஸின் உறுப்பைச் சுட்டுவதற்கு. தூண்டுகோலை அடித்த நொடியில் வந்த பட்டியலைத் தவறவிட்டு, பாதி டேக்கை அடித்த பிறகு திரும்பிப் பார்த்தால் பட்டியல் இருக்காது. கன்ட்ரோலும் ஸ்பேஸும் சேர்த்து அழுத்திக் கேட்டு வாங்க வேண்டும். 'என் எடிட்டரில் டேக் வரவே மாட்டேன் என்கிறது' என்ற புகார்களில் கணிசமானவை இந்த ஒரே அமைப்பில் வந்து முடிபவை.

'@' எந்தச் சொல்லைச் சேர்ந்தது?

இனி அந்த இரட்டை '@' குறிக்கு வருவோம். ஆட்டோகம்ப்ளீட் செய்ய எடிட்டர் முதலில் ஒரு கேள்விக்கு விடை காண வேண்டும்: கர்சருக்கு முன்னால் உள்ளவற்றில் எதுவரை பயனர் அடித்த 'பாதிச் சொல்'? அந்தப் பாதியை நீக்கிவிட்டு முழுச் சொல்லை வைக்க வேண்டும். சொல்லின் எல்லையைத் தீர்மானிக்க ஒவ்வோர் எடிட்டரும் ஒரு விதி வைத்திருக்கிறது. வி.எஸ். கோட் எடிட்டரின் பொது விதியில் '@' குறியும் '#' குறியும் சொல்லைப் பிரிக்கும் குறிகள். சொல்லின் பகுதி ஆகா. எனவே '@த்' என்று அடித்திருந்தால், அதன் கணக்கில் பாதிச் சொல் 'த்' மட்டுமே. பட்டியலில் உள்ள சொல் '@த்ரோஸ்' என்று குறியோடு சேர்ந்திருந்து, எதை நீக்க வேண்டும் என்ற தகவல் கூட வரவில்லை என்றால், 'த்' போகும், '@த்ரோஸ்' வரும், ஏற்கெனவே இருந்த '@' அப்படியே நிற்கும். குறி இரண்டானது இப்படித்தான்.

விம்மில் இதே கதை இன்னும் நுட்பமாக நடக்கிறது. எந்த எழுத்துகள் சொல்லைச் சேர்ந்தவை என்று சொல்ல அதில் ஓர் அமைப்பு உண்டு. அந்த அமைப்பின் மதிப்பில் தொடக்கத்திலேயே '@' என்று ஒரு குறி இருக்கும். அதைப் பார்த்துவிட்டு '@' ஏற்கெனவே சேர்க்கப்பட்டுள்ளது என்று முடிவுகட்டிவிடலாம். ஆனால் அங்கே அந்தக் குறிக்கு 'எல்லா அகரவரிசை எழுத்துகளும்' என்று பொருள். '@' குறியையே சேர்க்க வேண்டுமானால் '@-@' என்று எழுத வேண்டும். அப்படிச் சேர்த்துவிட்டால் டேக் நிறைவு சரியாகும்; ஆனால் சொல்லுக்குச் சொல் தாவும் கட்டளைகளும் சொல் தேடலும் அந்தக் கோப்பு வகை முழுவதும் மாறிப்போகும். கமெண்டுக்குள் ஒரு விதி, நிரலுக்குள் வேறு விதி என்று வைக்க அந்த அமைப்பில் வழி இல்லை. ஒரு கோப்புக்குள் இரண்டு மொழிகள் வாழ்கின்றன என்பதை எடிட்டரின் அடித்தளம் ஏற்கவில்லை என்பதே இதன் பொருள்.

2016 ஜூனில் மைக்ரோசாஃப்ட், ரெட் ஹேட், கோடென்வி ஆகிய மூன்று நிறுவனங்கள் லாங்வேஜ் சர்வர் புரோட்டோகாலை அறிவித்தபோது நிலைமை பெரிதும் மேம்பட்டது. மொழி அறிவை ஒரு சர்வரில் வைத்துவிட்டால் எந்த எடிட்டரும் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். ஆனால் டேக் விஷயத்தில் பழைய ஓட்டை அதிலும் நுழைந்தது. பரிந்துரையை அனுப்பும்போது சர்வர் இரண்டு வழிகளில் அனுப்பலாம். ஒன்று, சொருக வேண்டிய சொல்லை மட்டும் தருவது. மற்றொன்று, எந்த இடம் முதல் எந்த இடம் வரை நீக்கி எதை வைக்க வேண்டும் என்று துல்லியமாகச் சொல்வது. முதல் வழியில் பொருள் கொள்வது எடிட்டரின் விருப்பம். அந்தச் சொல்லை எடிட்டர்கள் அப்படியே எடுத்துக்கொள்ளாமல் போகலாம், ஆகவே இரண்டாவது வழியே பரிந்துரைக்கத்தக்கது என்று புரோட்டோகாலின் விவரணையே சொல்கிறது. அவசரமாக எழுதப்பட்ட சர்வர்கள் முதல் வழியில் நிற்கின்றன. ஓர் எடிட்டரில் சரியாக வரும் டேக் இன்னொன்றில் இரட்டிப்பாவதன் ரகசியம் இவ்வளவுதான்.

டைப்ஸ்கிரிப்டின் சர்வர் இதற்குக் கண்டுபிடித்த தீர்வு எளிமையானது, பார்க்க அழகானது. அது இரண்டு பட்டியல்கள் வைத்திருக்கிறது. கர்சருக்கு முன் '@' ஏற்கெனவே இருந்தால் குறியில்லாத டேக் பெயர்களைத் தருகிறது. '@' இன்னும் அடிக்கப்படவில்லை என்றால் குறியோடு சேர்ந்த பெயர்களைத் தருகிறது. அதுவும் அந்த வரியில் கர்சருக்கு முன் நட்சத்திரமும் வெற்றிடமும் தவிர வேறொன்றும் இல்லாதபோது மட்டுமே. உரைநடையின் நடுவில் இருப்பவரைத் தொந்தரவு செய்யக் கூடாது என்ற எண்ணம் அந்த நிபந்தனையில் தெரிகிறது. இப்படி இடம் அறிந்து பேசுவதற்கு, கமெண்டின் உள்ளமைப்பைச் சர்வர் படித்துவைத்திருக்க வேண்டும். ரெஜெக்ஸ் ஒன்றை மட்டும் வைத்து ஊகித்தால் இது வராது.

கீழே இருக்கும் ஃபங்ஷனைத் தெரிந்துகொள்வது

டேக்கின் பெயரைக் காட்டுவது சுலபமான பாதி. '@பாராம்' என்று எழுதிய பிறகு எந்தப் பாராமீட்டர் என்பதைக் காட்டுவதே கடினம். அதற்குக் கமெண்டை அதன் கீழே உள்ள ஃபங்ஷனோடு முடிச்சுப் போட வேண்டும். ஃபங்ஷன் இன்னும் முழுதாக எழுதப்படாமல் இருக்கலாம். அடைப்புக்குறி ஒன்று மூடப்படாமல் இருந்தால், பாகுபடுத்தும் பகுதி அந்தக் கமெண்டை அதற்கும் கீழே உள்ள வேறொரு ஃபங்ஷனோடு ஒட்டிவிடலாம். அப்போது சம்பந்தமில்லாத பெயர்கள் பட்டியலில் வரும். முதலில் கமெண்டை எழுதி, பிறகு நிரலை எழுதும் நல்ல பழக்கம் உள்ளவர்களுக்கு இந்த உதவி கிடைப்பதே இல்லை. அவர்கள் எழுதும் நேரத்தில் கீழே எதுவுமே இல்லை அல்லவா?

ஜாவாஸ்கிரிப்டில் இன்னொரு முடிச்சு. பாராமீட்டர் இடத்தில் ஒரு பொருளைப் பிரித்து அதன் உறுப்புகளை நேரடியாக வாங்கும் வழக்கம் இப்போது பரவலாகிவிட்டது. அப்படி வாங்கினால் அந்தப் பாராமீட்டருக்கென்று பெயர் கிடையாது. ஜே.எஸ்.டாக்கோ பெயர் இல்லாமல் நகராது. டைப்ஸ்கிரிப்டின் சட்டகம் அந்த இடத்தில் 'பாராம்0' என்று தானே ஒரு பெயரைச் சூட்டிவிடுகிறது. வகை எழுத வேண்டிய இடத்தில், சாதாரண ஜாவாஸ்கிரிப்ட் கோப்பு என்றால், 'எதுவாகவும் இருக்கலாம்' என்று பொருள்படும் வகையைப் போடுகிறது. எழுதுபவர் அதை மாற்றாமல் விட்டால் கமெண்ட் பார்வைக்கு முழுமையாக இருக்கும், தகவல் ஒன்றும் இருக்காது. ஆட்டோகம்ப்ளீட் உண்டாக்கும் தீங்குகளில் இதையே பெரிதாக எண்ணுகிறேன். காலியான கமெண்ட் தன் காலியைக் காட்டிக்கொள்ளும். சட்டகம் நிரப்பிய கமெண்ட் காட்டிக்கொள்ளாது.

பெயர் மாறும்போது வரும் கேடும் இதன் தொடர்ச்சிதான். பாராமீட்டரின் பெயரை எடிட்டரின் ரீநேம் வழியாக மாற்றினால், நல்ல கருவிகள் டேக்கில் உள்ள பெயரையும் சேர்த்து மாற்றும். கையால் மாற்றினால் டேக் பழைய பெயரோடு நிற்கும். இதைக் கண்டுபிடித்துச் சொல்வது யார் வேலை? இங்கேதான் மொழிகள் பிரிகின்றன.

சி ஷார்ப் அதைக் கம்பைலரின் வேலையாக்கியது. அதன் டாக் கமெண்ட் மூன்று சாய்கோடுகளோடு தொடங்கும் எக்ஸ்.எம்.எல். ஆவணக் கோப்பு உருவாக்கும் அமைப்பை இயக்கியிருந்தால், இல்லாத பாராமீட்டருக்கு டேக் எழுதும்போது சி.எஸ்.1572 என்ற எச்சரிக்கை வரும். சிலவற்றுக்கு எழுதி ஒன்றை விட்டுவிட்டால் சி.எஸ்.1573. சுட்டும் பெயர் எங்கும் இல்லை என்றால் சி.எஸ்.1574. ரோஸ்லின் என்ற அதன் கம்பைலர், சாதாரண கமெண்டை ஒதுக்கினாலும் டாக் கமெண்டை மட்டும் கிளைகளுள்ள மரமாகப் பாகுபடுத்தி வைத்துக்கொள்கிறது. அதனால்தான் விசுவல் ஸ்டூடியோவில் கோணக்குறி அடித்ததும் அந்த இடத்துக்குப் பொருந்தும் டேக்குகள் மட்டும் வருகின்றன. பாராமீட்டர் பெயரும் கைக்கு வந்துவிடுகிறது. எக்ஸ்.எம்.எல். எழுதச் சலிப்பானது என்ற குறை உண்மையானது. ஜெனரிக் வகையைச் சுட்டும்போது கோணக்குறி எக்ஸ்.எம்.எல்லோடு மோதும் என்பதால் அங்கே நெளிவு அடைப்புக்குறி போட வேண்டியிருக்கிறது. எடிட்டர் அதைத் தானாகவே அப்படிச் சொருகுகிறது. சலிப்பை எடிட்டர் சுமந்துகொள்கிறது. அதற்கு வழிவிட்டது மொழியின் உறுதி.

ஜாவா இந்த இடத்துக்கு வரப் பதினெட்டு ஆண்டுகள் ஆயின. 2014-ல் வந்த ஜாவா 8-ல் டாக்லின்ட் என்ற சோதனை சேர்க்கப்பட்டது. டேக்குகளையும் கமெண்டுக்குள் உள்ள எச்.டி.எம்.எல். அமைப்பையும் அது கண்டிப்பாகப் பார்த்தது. ஆண்டுக்கணக்கில் யாரும் சரிபார்க்காத கமெண்டுகள் ஒரே நாளில் பிழைகளாயின. பதிப்பை உயர்த்திய பல திட்டங்களில் பில்ட் நின்றது. சோதனையை முழுவதுமாக அணைக்கும் விருப்பத்தைச் சேர்த்துவிட்டு வேலையைத் தொடர்ந்தவர்கள் ஏராளம். கண்டிப்பு தவறில்லை. தாமதமாக வந்த கண்டிப்புக்கு அதுதான் விலை. சி, சி++ பக்கம் கிளாங் கம்பைலரிலும் டாக்சிஜன் டேக்குகளைச் சரிபார்க்கும் எச்சரிக்கை உண்டு. கேட்டால் மட்டுமே வரும்.

கமெண்ட் நிரலாக மாறும்போது

பி.எச்.பி.யின் நிலை தனி. அந்த மொழியின் எஞ்சின் டாக் கமெண்டைத் தூக்கிப் போடுவதில்லை. தனி டோக்கனாக எடுத்து, நிரல் ஓடும்போதும் கேட்டால் தருகிறது. ஆனால் வெறும் எழுத்துச் சரமாகத் தருகிறது. உள்ளே என்ன இருக்கிறது என்று பார்ப்பதில்லை. இந்தப் பாதி ஏற்பு பெரிய விளைவுகளை உண்டாக்கியது. டாக்ட்ரின் போன்ற நூலகங்கள் தரவுத்தள அட்டவணையின் அமைப்பையே கமெண்டுக்குள் டேக்குகளாக எழுதவைத்தன. கமெண்டில் ஓர் எழுத்து பிசகினால் செயலி விழும். எடிட்டரின் பார்வையில் அது இன்னும் கமெண்ட்தான். நிறம் மங்கல், பரிந்துரை அரைகுறை. 2020-ல் பி.எச்.பி. 8 ஆட்ரிபியூட் என்ற முறையான இலக்கணத்தைக் கொண்டுவந்த பிறகே அந்தச் சுமை கமெண்டிலிருந்து இறங்கத் தொடங்கியது.

வகைகளைச் சொல்லும் டேக்குகள் இன்னும் அங்கேதான் இருக்கின்றன. பி.எச்.பி.யில் ஜெனரிக் கிடையாது. ஒரு பட்டியலில் எந்த வகைப் பொருள்கள் உள்ளன என்பதைக் கமெண்டில் மட்டுமே சொல்ல முடியும். பி.எச்.பி.ஸ்டான், சாம் என்ற இரண்டு ஆய்வுக் கருவிகள் இதற்கான டேக் இலக்கணத்தை வெகுதூரம் வளர்த்தன. புதிய வடிவங்கள் மற்ற கருவிகளுக்கும் எடிட்டர்களுக்கும் புரியாது என்பதால், தங்கள் பெயரையே முன்னொட்டாக வைத்த தனி டேக்குகளையும் அனுமதித்தன. ஒரே பாராமீட்டருக்கு எடிட்டர் படிக்க ஒரு வரி, ஆய்வுக் கருவி படிக்க இன்னொரு வரி. பொதுத் தரம் ஒன்றை உருவாக்க பி.எஸ்.ஆர்-5, பி.எஸ்.ஆர்-19 என்ற இரண்டு வரைவுகள் எழுதப்பட்டன. அவை ஏற்பு பெறாமல் நீண்ட காலமாக வரைவாகவே நிற்கின்றன. எடிட்டர் எந்த இலக்கணத்தைப் பின்பற்றிப் பரிந்துரைக்கும்? அதன் ஆசிரியர்கள் தாங்களே முடிவெடுக்கிறார்கள், முடிவுகள் ஒத்துப்போவதில்லை.

மொழிக்கு மொழி டேக் பெயர்கள் விலகுவதும் இதோடு சேர்ந்த துன்பம். ஜாவாவிலும் பி.எச்.பி.யிலும் '@ரிட்டர்ன்', ஜே.எஸ்.டாக்கில் '@ரிட்டர்ன்ஸ்' முதன்மை, மற்றது மாற்றுப் பெயர், மைக்ரோசாஃப்டின் டி.எஸ்.டாக்கில் '@ரிட்டர்ன்ஸ்' மட்டும். ஜாவாவில் '@டெப்ரிகேட்டட்' இன்னும் சிக்கலானது. அனோட்டேஷன் இல்லாத காலத்தில், கமெண்டில் எழுதிய அந்த டேக்கைப் பார்த்தே கம்பைலர் எச்சரிக்கை கொடுத்தது. 2004-ல் ஜாவா 5 அனோட்டேஷன்களைக் கொண்டுவந்தபோது அதே பெயரில் ஓர் அனோட்டேஷனும் வந்தது. இரண்டுக்கும் ஆங்கில எழுத்தில் வேறுபாடு முதல் எழுத்தின் அளவு மட்டுமே. சிறிய எழுத்து கமெண்டுக்குள், பெரிய எழுத்து நிரலில். எழுத்தளவைப் பொருட்படுத்தாமல் சொல் தேடும் ஆட்டோகம்ப்ளீட்டில் இவை இரண்டும் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு வரக்கூடியவை.

ஜாவாஸ்கிரிப்ட் உலகில் கமெண்ட் ஏறிய உயரம் வேறெங்கும் இல்லை. 2009-ல் கூகுள் வெளியிட்ட குளோஷர் கம்பைலர் வகைகளைக் கமெண்டிலிருந்து படித்தது. 2017-ல் டைப்ஸ்கிரிப்ட் 2.3, சாதாரண ஜாவாஸ்கிரிப்ட் கோப்பைக் கமெண்டில் உள்ள வகைகளை வைத்தே சோதிக்கத் தொடங்கியது. 2023-ல் ஸ்வெல்ட் என்ற கட்டமைப்பின் 4-ஆம் பதிப்பில் அதன் ஆசிரியர்கள் டைப்ஸ்கிரிப்ட் கோப்புகளை விட்டு, வகைகளை முழுக்க ஜே.எஸ்.டாக் கமெண்டுகளுக்கு மாற்றினார்கள். சோதனையின் கண்டிப்பை அவர்கள் இழக்கவில்லை. கமெண்டைத் தன் இலக்கணத்துக்குள் சேர்த்துக்கொண்ட ஒரு கருவி அடியில் இருந்ததால் அந்த நம்பிக்கை வந்தது.

எடுத்துக்காட்டு நிரலைக் கமெண்டுக்குள் வைக்கும்போது வரும் இடர் பற்றியும் சொல்ல வேண்டும். ஜாவாடாக்கில் வரியின் தொடக்கத்தில் வரும் '@' எல்லாம் டேக்காகவே எடுத்துக்கொள்ளப்படும். எடுத்துக்காட்டில் '@ஓவர்ரைட்' அனோட்டேஷன் இருந்தால் அது தெரியாத டேக் ஆகிவிடும்; எழுதுபவர்கள் '@' என்ற எண்குறியைப் போட்டு ஒப்பேற்றினார்கள். கோப்புப் பாதைகளைக் குறிக்கும் '**/' என்ற வடிவத்தை எழுதினால் அதன் நட்சத்திரமும் சாய்கோடும் சேர்ந்து கமெண்டையே மூடிவிடும். மீதி உரை நிரலாகிக் கீழே உள்ள கோப்பு முழுவதும் சிவப்பாகும். 2022-ல் ஜாவா 18-ல் வந்த '@ஸ்னிப்பெட்', எடுத்துக்காட்டைத் தனிக் கோப்பில் வைக்க வழிசெய்தது. 2024-ல் ஜாவா 23, மூன்று சாய்கோடுகளோடு மார்க்டவுனில் டாக் கமெண்ட் எழுத அனுமதித்தது. கமெண்ட் வரிக்கு வரி தனித்து நிற்பதால் மூடிக்கொள்ளும் ஆபத்து இல்லை. இருபத்தெட்டு ஆண்டுகள் ஒரே வடிவத்தை எதிர்பார்த்துக் கட்டப்பட்ட எடிட்டர் வசதிகள் இதற்காகத் திருத்தப்பட வேண்டியுள்ளன.

தமிழில் கமெண்ட் எழுதுபவர்கள்

நிரலின் பெயர்கள் ஆங்கிலத்தில் இருந்தாலும் விளக்கத்தைத் தாய்மொழியில் எழுதுவோர் உலகெங்கும் உண்டு. டாக் கமெண்ட் அதற்கு இயல்பான இடம். தமிழில் எழுதினால் ஆட்டோகம்ப்ளீட்டுக்கு ஒரு குறிப்பான சோதனை காத்திருக்கிறது. 'வட்டித் தொகை' என்று எழுதிவிட்டு அதே வரியில் ஒரு கிளாஸைச் சுட்ட '{@லிங்க்' என்று தொடங்குகிறோம் என்று வைத்துக்கொள்வோம். அந்த இரண்டு சொற்களில் கண்ணுக்குத் தெரிபவை ஆறு எழுத்துகளும் ஓர் இடைவெளியும். யூனிகோடில் அவை 12 குறியீட்டுப் புள்ளிகள், யு.டி.எஃப்-16 கணக்கிலும் 12. யு.டி.எஃப்-8 பைட் கணக்கில் 34. லாங்வேஜ் சர்வர் புரோட்டோகால் கர்சரின் இடத்தை யு.டி.எஃப்-16 அலகில் சொல்கிறது. சர்வர் ரஸ்ட்டிலோ கோ மொழியிலோ எழுதப்பட்டிருந்தால், உள்ளே உரை யு.டி.எஃப்-8 வடிவில் இருக்கும். மாற்றிக் கணக்கிட மறந்த சர்வர், அந்த இரண்டு சொற்களின் முடிவு என்று 12-ஆம் பைட்டில் போய் நிற்கும். அது 'வட்டித்' என்ற சொல்லின் நடுவே இருக்கிறது. அங்கே '{@லிங்க்' எதுவும் இல்லை; பட்டியல் காலி.

ஆங்கிலத்தில் மூன்று கணக்கும் ஒன்றாகவே வரும் என்பதால் சர்வரை எழுதியவரின் சோதனையில் இந்தப் பிழை தென்படாது. வரியின் தொடக்கத்தில் வரும் '@பாராம்' பாதிக்கப்படாது, ஏனெனில் அதற்கு முன் தமிழ் இல்லை. உரைக்கு நடுவில் வரும் டேக்குகளில் மட்டும் தடுமாற்றம். அதனாலேயே காரணத்தைப் பிடிப்பது கடினமாகிறது. 2022-ல் வந்த புரோட்டோகாலின் 3.17 பதிப்பில், எடிட்டரும் சர்வரும் எந்தக் கணக்கு என்று முன்கூட்டியே பேசி முடிவுசெய்யும் வழி சேர்க்கப்பட்டது. ஒத்துக்கொள்ளாதபோது யு.டி.எஃப்-16 தான். அதே ஆண்டில் ஜாவா 18, யு.டி.எஃப்-8 என்பதை இயல்பான குறியாக்கமாக்கியது. அதற்கு முன் இயங்குதளத்தைப் பொறுத்து மாறும் குறியாக்கத்தால், விண்டோஸ் கணினிகளில் தமிழ்க் கமெண்டுள்ள கோப்பைக் கம்பைல் செய்யக் கூடுதல் விருப்பம் கொடுக்க வேண்டியிருந்தது. டாக் கமெண்டை ஆங்கிலத்தில் மட்டுமே எழுதுங்கள் என்ற அறிவுரைக்கு இந்தப் பின்னணி பலம் சேர்க்கக்கூடும். அதை ஏற்கத் தேவையில்லை. பிழை எங்கே என்று தெரிந்திருக்கிறது, திருத்தமும் தெரிந்திருக்கிறது. சர்வர் ஆசிரியர்களிடம் ஒரு தமிழ் வரியைச் சோதனைக் கோப்பாக அனுப்பினால் போதும்.

டேக் வேண்டாம் என்ற வழி

கோவும் ரஸ்ட்டும் டேக்குகளையே கைவிட்டன. கோ மொழியில் டாக் கமெண்ட் சாதாரண வாக்கியம். பாராமீட்டரின் பெயரை வாக்கியத்துக்குள்ளேயே சொல்ல வேண்டும். ரஸ்ட்டில் மார்க்டவுன். இதனால் '@' பற்றிய சிக்கல் முழுவதும் மறைந்தது. பிற பெயர்களைச் சுட்டும் இணைப்பில் வேறு உருவில் தலைகாட்டியது. ரஸ்ட் 2020 நவம்பரில் 1.48 பதிப்பிலும், கோ 2022 ஆகஸ்டில் 1.19 பதிப்பிலும் சதுர அடைப்புக்குறிக்குள் பெயரை எழுதினால் இணைப்பாகும் வசதியைக் கொண்டுவந்தன. அந்த அடைப்புக்குறிக்குள் பெயர் பரிந்துரைப்பது இன்றைய வேலை. பைத்தானில் பி.ஈ.பி. 257 என்ற ஆவணம் 2001-லேயே டாக்ஸ்ட்ரிங்குக்கான பழக்கங்களை வகுத்தது. பாராமீட்டரை எப்படி எழுதுவது என்ற வடிவத்தை மட்டும் திறந்துவிட்டது. ஸ்ஃபிங்ஸ் பாணி, கூகுள் பாணி, நம்பை பாணி என்று மூன்று வடிவங்கள் நிலைத்தன. எடிட்டருக்கு எது என்று நாம் அமைப்பில் சொல்லித்தர வேண்டும்.

2021-க்குப் பிறகு செயற்கை நுண்ணறிவு உதவிகள் இந்த இடத்துக்கு வந்தன. மங்கலான எழுத்தில் கமெண்ட் முழுவதையும் ஒரே மூச்சில் எழுதிக்காட்டுகின்றன. '@@' பிழை அவற்றில் அரிது. ஆனால் பழைய பட்டியல் காட்டிய பாராமீட்டர் பெயர் உண்மையில் நிரலில் இருந்த பெயர். மொழி மாதிரி எழுதும் வரியில் வருவதோ, இருக்கக்கூடிய பெயர், எறியப்படக்கூடிய பிழை. ஃபங்ஷன் எறியாத பிழைக்கு நேர்த்தியான '@த்ரோஸ்' வரி வந்தால், அதைத் தடுக்கக்கூடியது கம்பைலரின் சரிபார்ப்பு மட்டும்தான். சரிபார்ப்பு இல்லாத மொழிகளில் அந்தப் பொய் ஆவணத்தில் தங்கிவிடும், அடுத்து வரும் மாதிரி அதையும் படித்து எழுதும். டாக் கமெண்டைச் சரிபார்க்கும் கண்டிப்பு முன்னெப்போதையும்விட இப்போது அவசரமாகியிருக்கிறது.

புரோட்டோகாலிலேயே செய்யக்கூடிய ஒன்று உண்டு. பரிந்துரை எந்த வகையைச் சேர்ந்தது என்று சொல்ல அதில் 25 வகைகள் இருக்கின்றன: ஃபங்ஷன், கிளாஸ், மாறி, கோப்பு, நிறம்கூட உண்டு. டாக் டேக்குக்கு வகை இல்லை. டைப்ஸ்கிரிப்ட் அவற்றைக் கீவேர்ட் என்று சொல்லி அனுப்புகிறது; வேறு சர்வர்கள் வேறு வகை சொல்லலாம். அதே புரோட்டோகாலில் நிறமிடும் பகுதியில் மட்டும், ஒரு பெயர் ஆவணத்துக்குள் வருகிறது என்று குறிக்கத் தனி அடையாளம் சேர்க்கப்பட்டுள்ளது. நிறத்துக்குக் கிடைத்த அந்த அடையாளம் பரிந்துரைக்கும் கிடைத்தால், டேக்குகளைத் தனியே வரிசைப்படுத்தவும், கமெண்டுக்குள் சொல் எல்லையை வேறாகக் கணக்கிடவும் எடிட்டர்களுக்கு வழி பிறக்கும். 26-ஆவது வகையைச் சேர்க்கும் முன்மொழிவு சில வரிகளில் எழுதக்கூடியது.